யார் வீட்டு டீசல்

நாங்கள் குடியிருக்கும் இந்த மலையூரில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டு வாசலில் படகு நிற்கிறது. தண்ணீரில் இல்லை. இரண்டு சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தின் மேல், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அந்தச் சட்டத்துக்கு டிரெய்லர் என்று பெயர். குளிர்காலத்தில் தார்ப்பாய்க்கு மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி ஏறிக் கிடக்கும். வந்த புதிதில் இதைப் பார்த்து, அடிக்கடி வெள்ளம் வருகிற ஊர் போலிருக்கிறது, விவரமானவர்கள், முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடல் மட்டத்துக்கு ஒரு மைல் மேலே இருக்கிற ஊருக்கு எந்த வெள்ளம் வரும்? என் மனைவி எஸ்தர் தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். படகு மீன் பிடிக்கவாம். ஏரி எங்கே என்றேன். மலைக்கு அந்தப் பக்கமாம்.

மலை என்றால் செங்கல்பட்டுப் பக்கம் ரயிலில் போகும்போது தெரியுமே, அந்தக் குன்றுகள் இல்லை. இது அமெரிக்காவில் கொலராடோ. ஆடி மாதத்திலும் உச்சியில் பனி கரையாது. அதன் மேலே படகை இழுத்து ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கி, ஏரியில் விட்டு, இரண்டு நாள் மீன் பிடிப்பார்கள். பிடித்த மீனை என்ன செய்வார்கள் தெரியுமா? தராசில் தொங்கவிட்டு நிறுத்து, கையில் ஏந்தி போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். தூண்டிலில் மாட்டுகிற மண்புழுவைக்கூடக் கடையில் குளிர்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். நானோ ஏரி வற்றுகிற பங்குனி, சித்திரையில் இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கெளுத்தி பிடித்து, முள் குத்தி வீங்கின கையோடு வீட்டுக்கு வந்து, குழம்பு வைத்துத் தின்றவன். உத்திரமேரூர் ஏரி நிறைந்தால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. அதில் ஒரு படகை நான் பார்த்ததில்லை. தண்ணீர் இருக்கிற இடத்தில் படகைக் கொடுக்கவில்லை, படகு இருக்கிற இடத்தில் தண்ணீரைக் கொடுக்கவில்லை. ஆண்டவருடைய நிர்வாகம் அப்படி இருக்கிறது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவன். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நான் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்குப் பத்து வருஷம் லாரி ஓட்டினேன். என்ஜின் கெட்டால் நானே இறக்கிப் பார்ப்பேன். எஸ்தர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து நர்ஸ் ஆனவள். இந்த நாட்டுக்கு நர்ஸ் தேவைப்பட்டது, அவளைக் கூப்பிட்டது. அவள் கொண்டுவந்த பெட்டிகளோடு நானும் ஒரு பெட்டியாக வந்து இறங்கினேன். இங்குள்ளவர்களுக்கு நான் எஸ்தரின் ஹஸ்பண்ட். ஊரில் உள்ளவர்களுக்கு, பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்கிறவன். என் தம்பி கடிதத்தில் ஒளிக்காமல் எழுதியிருந்தான்: "ஊர்ல கேக்கறாங்கண்ணா, உங்க அண்ணன் அங்க போயி இன்னா பண்ணிக்கினு கீறாருன்னு." அதே மாதிரிக் கடிதம் வாங்கின நர்ஸ் புருஷர்கள் இந்த நாட்டில் இன்னும் பல பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சும்மா உட்கார்ந்து தின்னவும் இல்லை. வால்டர் என்பவருடைய கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆயில் மாற்றுவது, டயர் உருட்டுவது, சாயங்காலம் தரையைக் கழுவிவிடுவது. இரண்டு வருஷம் அதேதான். என்ஜின் பக்கம் என்னை விடமாட்டார்கள். கராஜ் சுவரில் ஓர் ஆணி உண்டு. வழியில் நின்றுபோன வண்டிகளைப் போய்ப் பார்த்து இழுத்து வருகிற லாரியின் சாவி அதில் தொங்கும். அந்தச் சாவியை எடுக்கிறவன்தான் அங்கே ஆள், மற்றவர்கள் எடுபிடி. இரண்டு வருஷமும் என் கண் அந்த ஆணியின் மேல்தான் இருந்தது. அந்தச் சாவி மட்டும் என் கைக்கு வந்தால் தம்பிக்கு ஒரு பதில் எழுதலாம் என்று காத்திருந்தேன்.

வால்டர் நல்ல மனிதர். குரலை உயர்த்தமாட்டார். ஆனால் அவர் ஊதாரித்தனத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவரிடம் ஒரு டீசல் பிக்கப் இருந்தது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி, நம்ம ஊர் குட்டி லாரி மாதிரி. குளிர்காலத்தில் காப்பிக் கடைக்குப் போவார். பிக்கப்பை வாசலில் நிறுத்துவார், என்ஜினை நிறுத்தமாட்டார். அவர் உள்ளே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார், வண்டி வெளியே ஒரு மணி நேரம் புகை விட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்த வழியாக வந்த எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே நல்ல பிள்ளையாகக் கொடுத்தேன். அவர் காப்பியை முடித்துக்கொண்டு வந்து பார்த்தால் வண்டி கிளம்பவில்லை. அந்தக் குளிரில் டீசல் உள்ளேயே மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரி உறைந்துவிட்டிருந்தது.

"ஏன் நிறுத்தினாய் சாம்?" என்றார். சாமுவேல் என்று முழுதாகச் சொல்ல அவருக்கு நேரமில்லை.

"சும்மா ஓடிக்கொண்டிருந்தது."

"சும்மா இல்லை. எனக்காக ஓடிக்கொண்டிருந்தது."

நான் வேலை பார்த்த இடத்தில் எதுவும் எனக்காக ஓடியதில்லை. முதலாளிக்காக நான்தான் ஓடினேன். இந்த வித்தியாசம் அவருக்குப் புரியாது, விளக்க என்னிடம் ஆங்கிலமும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மனதுக்குள் மட்டும், ஒரு நாளாவது மில்லு முதலாளியிடம் வேலை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் உனக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

மில்லு முதலாளியைச் சொல்ல வேண்டும். லாரி திரும்பி வந்து நின்றதும் அவர் செய்கிற முதல் வேலை, டீசல் டாங்கில் ஒரு மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பது. குச்சியில் கத்தியால் கீறின கோடுகள் இருக்கும். ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மற்ற டிரைவர்கள் திட்டு வாங்குவார்கள். என் முறை வரும்போது குச்சியைத் துடைத்துக்கொண்டே, "சாமுவேலு கைப் பட்டா டீசலு எறங்காதுடா, கத்துக்குங்கடா" என்பார். நான்கு பேர் கேட்கச் சொல்லுவார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் செத்தேன். எனக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் மில்லின் பின்பக்க ஜன்னலில் கவிழ்ந்து கிடக்கும், டீயை அதில்தான் ஊற்றுவார்கள். அதெல்லாம் அந்த நேரத்தில் உறைக்காது.

டீசல் எப்படி இறங்காமல் இருந்தது? மந்திரமில்லை, நம் பக்கத்து டிரைவர் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். எங்கள் ஊரை ஒட்டி ரோடு ஏரிக்கரை மேல் ஏறி இறங்கும். மேட்டுக்கு வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, என்ஜினை நிறுத்துகிற குமிழைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். சத்தம் அடங்கிவிடும். நெல் மூட்டைகளின் கனத்திலேயே லாரி தானாக உருண்டு இறங்கும். மற்றவர்கள் வண்டி புளியமரத்தோடு நின்றுவிடும், அங்கே என்ஜினைப் போடுவார்கள். என் வண்டி அதைத் தாண்டி ஓடைப் பாலம் வரைக்கும் போகும். எங்கே பிரேக்கைத் தொடக்கூடாது, வளைவில் எப்படி ஒடித்தால் வேகம் சாகாது என்பது என் உடம்புக்கே தெரியும். என் வாழ்க்கையில் நான் கண்ட மலை அந்த ஏரிக்கரைதான்.

மூன்றாவது வருஷம் கோடையில் வால்டர் என்னைக் கூப்பிட்டார். குடும்பத்தோடு மலைக்கு அந்தப் பக்கம் ஏரிக்குப் போகிறார், அவர் வேனில் முன்னால் போய்விடுவார், பின்னால் நான் பிக்கப்பில் படகைக் கொண்டு வர வேண்டும். "எஸ்தரையும் அழைத்து வா. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம்" என்றார். அப்புறம் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார். "படகை நல்லபடியாகக் கொண்டு வந்து சேர்த்தால், திங்கட்கிழமையிலிருந்து அந்தச் சாவி உனக்கு."

சந்தோஷத்தில் அவர் அதற்குமேல் சொன்னது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மலை உச்சியில் நிறுத்து. இரண்டாவது கியரில் போடு. இறங்கி முடிகிற வரைக்கும் கியரை மாற்றாதே, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இதை மூன்று தரம் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். நெல் மூட்டை மலையாக ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையில் இறங்கினவனுக்கு, ஒரு பிளாஸ்டிக் படகை இறக்கப் பாடம் நடத்துகிறான் பார் என்று அன்று ராத்திரி எஸ்தரிடம் சொன்னேன். "அவரு சொன்னா சொன்னபடி செய்ங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதினபடி மருந்து கொடுத்துப் பழகினவள், அப்படித்தான் பேசுவாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஏற்றம் எட்டு மைல். பிக்கப் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. டீசல் முள் என் கண்ணெதிரே கீழே சாய்ந்துகொண்டே வந்தது, எனக்கு என் ரத்தத்தையே யாரோ உறிஞ்சுவது போலிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் படகு. வெள்ளை வெளேரென்று, மூக்கைத் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வருகிறது. தண்ணீரில் ஓட வேண்டியதை மலை மேல் இழுக்கிறோம். இதுதான் இவர்களுக்கு விடுமுறை. நம்ம ஊரில் தேர் இழுத்தாலாவது கடைசியில் பொங்கலோ சுண்டலோ கிடைக்கும்.

உச்சியில் நிறுத்தினேன். எஸ்தர் இறங்கி, பனியை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, என்னைப் படகோடு நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தாள். ஊருக்கு அனுப்பலாம் என்றாள். எதிரில் ஒரு மஞ்சள் பலகை இருந்தது. கீழே ஆறு மைல் இறக்கம், நடுவில் வலது பக்கம் ஒரு கிளைச்சாலை பிரிகிறது என்று படம் போட்டிருந்தது. அந்தக் கிளைச்சாலையைப் பற்றி நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். பிரேக் போன லாரிகளுக்காகப் போட்டது. மலைச் சரிவிலேயே மேலே ஏறி, முழுக்கக் கூழாங்கல் கொட்டின ஒரு மேட்டில் போய் முடிந்துவிடும். எந்த ஊருக்கும் போகாத ரோடு. "காசு கொழுத்துப்போனா இதான். ஊருக்குப் போற ரோடே எங்க பக்கத்துல கெடையாது, இவுனுங்க போகாத ரோட்டுக்கு ஜல்லி கொட்டி வெச்சிக்கீறானுங்க" என்று எஸ்தரிடம் சொன்னேன்.

முதல் ஒரு மைல் வால்டர் சொன்னபடியே இரண்டாவது கியரில் இறங்கினேன். என்ஜின் கத்தியது. கத்தல் என்றால் சாதாரணக் கத்தல் இல்லை, பன்றியைக் கட்டிவைத்து அறுப்பது போல. என் காதுக்கு அது டீசல் எரிகிற சத்தமாகவே கேட்டது. இறக்கத்தில் போய் எவனாவது இவ்வளவு டீசலை எரிப்பானா? ரோடு அகலம், வளைவு எல்லாம் தாராளம், எதிரே வண்டி இல்லை. என் கை தானாகப் போனது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். சாவியை ஒரு சுற்றுப் பின்னால் திருப்பினேன்.

சத்தம் அடங்கியது. டயர் உருளுகிற ஓசையும் காற்றும் மட்டும்தான். எத்தனை வருஷம் கழித்து அந்த அமைதி. எனக்கு ஏரிக்கரை ஞாபகம் வந்து நெஞ்சு நிமிர்ந்தது என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

"இன்னாங்க, வண்டி சத்தமே போடல?" என்றாள் எஸ்தர்.

"டீசலு மிச்சம். பேசாம வேடிக்க பாரு."

முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. இரண்டாவது வளைவில் மிதித்தேன், பாதி பிடித்தது. மூன்றாவது தரம் மிதித்தபோது காலுக்கடியில் பிரேக் கட்டை கருங்கல் மாதிரி நின்றது. இந்த நாட்டு வண்டியில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் பலம் என்ஜினிலிருந்து வருகிறது. என்ஜினை நிறுத்தினால் இரண்டும் செத்துவிடும். என்ஜினையே இறக்கிப் பார்த்தவன் எனக்கு இது தெரியாதா? தெரியும். கராஜில் ஆயில் மாற்றும்போது தினம் பார்த்ததுதான். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பின்னால் படகு தன் முழுக் கனத்தோடு தள்ளியது. சாவியைத் திருப்பினேன், என்ஜின் வந்தது. அதற்குள் பிரேக்கெல்லாம் தீய்ந்து, ரப்பர் கருகுகிற நாற்றம் உள்ளே வந்துவிட்டது, மிதித்தால் வண்டி கேட்கவில்லை. கியரைப் போடப் பார்த்தேன், அந்த வேகத்தில் பல் உராய்ந்து கடகடவென்று கத்தியதே தவிர விழவில்லை. மறுபடி தள்ளியதில் என்ஜினும் அணைந்துபோனது. வலது பக்கம் பாறை, இடது பக்கம் ஒன்றுமில்லை, வெறும் ஆகாசம்.

எஸ்தர் அலறவில்லை. ஒரு கையால் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள். "அதோ மஞ்ச போர்டு கீது. சோத்துக் கைப் பக்கம் திருப்புங்க. நீங்க சிரிச்சீங்களே, அந்த ரோடு."

திருப்பினேன். சொல்லுவது சுலபம். செத்த ஸ்டியரிங் அது, இந்த ஊர்க்காரன் யாராலும் திருப்பியிருக்க முடியாது. மூட்டை லாரியை வெறும் தோள் பலத்தில் ஒடித்து ஒடித்துப் பழகின கை என்பதால் திரும்பியது. இதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா? கொல்லப் பார்த்ததும் வாலாஜாபாத் பழக்கம்தான், காப்பாற்றினதும் வாலாஜாபாத் தோள்தான். பிக்கப் கூழாங்கல் மேட்டில் ஏறியது, சக்கரம் புதைந்தது, சேற்றில் இறங்கின எருமை மாதிரி முன்பக்கத்தைக் குத்திக்கொண்டு நின்றது. நின்ற அதிர்ச்சியில் படகு தன் கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு முன்னால் தாவி, பிக்கப்பின் பின்தொட்டியில் மூக்கை வைத்து, வால் பக்கத்தைக் கல்லில் நட்டுக்கொண்டு உட்கார்ந்தது. அதன் அடிவயிறு நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். தன் நாடியையும் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"யார் வூட்டு டீசலு இது?"

"வால்டரு டீசலு."

"அவரு மிச்சம் புடிக்கச் சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப யார் வூட்டு டீசலுக்கு என்ன சாவடிக்கப் பாத்தீங்க?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அடுத்தவன் பொருள் என்றால் அள்ளி ஊற்றுகிறவனைச் சொன்ன பழமொழி. அவனாவது நெய் ஊற்றித் தின்றான், புத்திசாலி. ஊரான் வீட்டு டீசலை, என் பெண்டாட்டி உயிரைக் கொடுத்து மிச்சம் பிடிக்கப் பார்த்த முட்டாள் நான். ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்குமாம். யாரைச் சொன்னார்களோ, அன்றைக்கு எனக்குத்தான் பொருந்தியது.

இரண்டு மணி நேரம் கழித்து வால்டர் தேடிக்கொண்டு திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரரும் வந்தார். வால்டர் முதலில் எஸ்தரிடம் போய் அடிபட்டதா என்று கேட்டார், பிறகு என்னிடம் கேட்டார், கடைசியாகத்தான் படகைப் பார்த்தார். கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். "என்ன நடந்தது?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். பிரேக் தானாகப் போய்விட்டது என்று சொன்னால் நம்பியிருப்பார். ஆனால் எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீசலுக்காக என்ஜினை நிறுத்தினேன்" என்றேன்.

அவர் முகத்தில் கவலை வந்தது. "டீசல் தீர்ந்துபோய்விட்டதா? கிளம்பும்போது டாங்க் நிறைய இருந்ததே." உள்ளே எட்டிப் பார்த்துச் சாவியைத் திருப்பினார். முள் முக்காலுக்கு மேல் போய் நின்றது. "இன்னும் முக்கால் டாங்க் இருக்கிறதே சாம்."

"ஆமாம். அதை மிச்சம் வைக்கத்தான்."

வால்டர் என்னை நெடுநேரம் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், மில்லு முதலாளியிடம் திட்டு வாங்கின பழக்கத்தில் தலையைக் குனிந்து நின்றிருப்பேன். தனக்குத் தெரியாத ஒரு நோய் வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். டீசல் ஓட்டுவதற்குத்தானே இருக்கிறது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வேலையை விட்டு எடுக்கவில்லை. சாவி ஆணியிலேயே தொங்கியது. நான் ஆயில் மாற்றினேன், டயர் உருட்டினேன், சாயங்காலம் தரையைக் கழுவினேன். வார இறுதியில் வால்டர் ஒரு டீசல் பம்ப்பைப் பிரித்து மேஜை மேல் போட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறக்கத்தில் இறங்கினால், இந்தப் பம்ப் என்ஜினுக்குச் சொட்டு டீசல்கூட விடாது. அந்தக் கத்தல், என்ஜின் காற்றைப் பிழிகிற கத்தல். அதாவது அன்றைக்கு நான் மிச்சம் பிடித்தது பூஜ்யம். எத்தனையோ பம்ப்புகளைக் கழற்றி மாட்டினவன் நான். பத்து வருஷத்தில் ஒரு தரம்கூட உட்கார்ந்து இதை யோசித்ததில்லை. யோசிக்க விடாமல் அந்த மூங்கில் குச்சி கண்ணெதிரே ஆடிக்கொண்டே இருந்தது. மறுவருஷக் கோடையில் வால்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, புதுப் படகை என்னை வைத்தே அதே மலையில் இழுக்கச் சொன்னார். ஆறு மைலும் இரண்டாவது கியரில் இறக்கினேன். காது வலித்தது, வலது கை சாவிக்குப் போகாமல் இருக்க அதைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். அதற்கடுத்த திங்கட்கிழமை ஆணியிலிருந்த சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். தம்பிக்கு அன்றே கடிதம் எழுதினேன்.

போன தை மாதம் எஸ்தரும் நானும் ஊருக்குப் போனோம். செங்கல்பட்டில் இறங்கி உத்திரமேரூர் பஸ் பிடித்தோம். டாக்ஸி வைத்துக்கொள்ளலாம் என்று எஸ்தர் சொன்னாள், நான்தான் பஸ்ஸில் போகலாம் என்றேன். பேன்ட் சட்டையோடு, புது ஷூவோடு, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தேன். எஸ்தர் எதிர்வரிசையில் பெண்கள் பக்கம். கூட்டம் நெரிந்தது. மூட்டையும் கோழியும் கூடையுமாக ஐம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். ஏரிக்கரை மேட்டில் பஸ் ஏறியது. ஏரி நிரம்பியிருந்தது, எதிர்க்கரை தெரியவில்லை.

மேட்டு உச்சிக்கு வந்ததும் டிரைவர் கியரைத் தள்ளினார், குமிழைப் பிடித்து இழுத்தார். சத்தம் அடங்கியது. பஸ் உருள ஆரம்பித்தது.

எழுந்து நின்றுவிட்டேன். "யப்பா, என்ஜின ஆஃப் பண்ணாத. கியர்ல போடு. பிரேக்கு நிக்காது" என்று கத்தினேன். ஐம்பது முகமும் என் பக்கம் திரும்பியது.

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குந்து சார். இது இன்னா மலையா?"

"டீசலு இன்னா உன் வூட்டு டீசலா?"

"என் வூட்டுது இல்லதான். மிச்சம் புடிச்சா டிப்போல போர்டுல பேரு எய்துவாங்க சார். போன மாசம் என் பேருதான் மொதல்ல." அவர் குரலில் இருந்த பெருமை எனக்குத் தெரிந்த பெருமை. மூங்கில் குச்சியின் இடத்தில் இப்போது ஒரு போர்டு வந்திருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. நீங்களும் இதைப் படித்துவிட்டு, டீசலை மிச்சம் பிடித்தால் என்ன தப்பு என்றுதான் கேட்பீர்கள். கேளுங்கள்.

கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். "ஃபாரின்ல இருந்து வந்தவரு போல கீது. பாவம், இந்த மோட்டுக்கே பயந்துக்கினாரு." யாரோ சிரித்தார்கள். இந்த ரோட்டில் பத்து வருஷம் உருண்டவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். என் ஷூவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எதிர்வரிசையிலிருந்து எஸ்தர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் சத்தமில்லாமல் இறங்கியது. புளியமரம் வந்தது, தாண்டியது. வளைவில் டிரைவர் கொஞ்சம் அதிகமாக ஒடித்தார், வேகம் செத்தது. ஓடைப் பாலத்துக்குப் பத்தடி முன்னால் பஸ் நின்றேவிட்டது. அவர் என்ஜினைப் போட்டார். நான் ஓட்டியிருந்தால் பாலத்தைத் தாண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் வலது கால் மட்டும் இன்னும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.